ஒயர் டெஸ்டர் என்று லேபிள் ஒட்டிய சாமான்

என் பெயர் பிரபா. வயது நாற்பத்து நான்கு. கணவர் பெயர் நாராயணசாமி. அல்சூரில் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். பீன்யா தொழிற்பேட்டையில் வைத்தீஸ்வரன் என்பவர் நடத்தும் கம்பெனியில் பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கன்னடம் நன்றாகப் பேசுவேன், படிக்க வராது. படிக்க முடியாத எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் அடம் பிடித்ததால், இன்ஸ்பெக்டர் ஐயா தமிழ் தெரிந்த ஏட்டு ஒருவரை வரவழைத்து இந்த வாக்குமூலத்தை எழுத வைக்கிறார். டெஸ்டிங் பகுதியில் வேலை செய்யும் கிளிஃபர்ட் கம்பெனிச் சாமானைத் திருடினார் என்று முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். அவர் எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்வதற்காக முதலாளியே என்னைத் தன் காரில் ஏற்றி அனுப்பினார். ஆட்டோவுக்கு வழியில்லாதவள் என்று கார் கொடுக்கவில்லை, வழியில் மனசு மாறி இறங்கிவிடுவேன் என்ற பயம். அவர் சொல்லச் சொன்னதை நான் சொல்லப் போவதில்லை.

எங்கள் கம்பெனியில் செய்வது கைக்கு அடக்கமான ஒரு கருவி. ஓர் அறையில் யாராவது மைக்கோ கேமராவோ ஒளித்து வைத்திருந்தால் அதில் சிவப்பு விளக்கு எரிந்து, கீச்சென்று கத்தும். நாங்கள் டிடெக்டர் என்போம். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும் என்று முதலாளியே எங்களிடம் சொல்லியிருக்கிறார். போன வருஷம் துபாய் வியாபாரி ஒருவரின் ஆர்டர் வந்த பிறகு, லைசென்ஸ் கேட்டால் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று குடைவார்கள் என்று சொல்லி, அட்டைப்பெட்டிகளில் 'ஒயர் டெஸ்டர்' என்று லேபிள் ஒட்டச் சொன்னார். அது எலக்ட்ரீஷியன்கள் ஒயரைத் தொட்டுக் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் சாதாரணச் சாமான். நாங்களும் ஒட்டினோம். நானும்தான் ஒட்டினேன்.

கிளிஃபர்டும் நானும் ஒரே மெட்ரோவில் வந்து போகிறவர்கள். எனக்குத் தம்பி மாதிரி. ஒருநாள் சாப்பாட்டு ரூமில் அவர் என்னிடம், "அக்கா, இது நல்லவன் கையில இருந்தா அவன் வீட்டக் காப்பாத்தும். கடத்தல்காரன் கையில இருந்தா போலீஸ் மைக் எங்க இருக்குன்னு அவனுக்குக் காட்டிக் குடுக்கும். யாருன்னே தெரியாம அனுப்பறாரே" என்றார். அதன் பிறகு லைசென்ஸ் பார்க்கும் அலுவலகத்துக்குத் தன் பெயர் போடாமல் ஒரு புகார் அனுப்பினார். அதையும் அதே சாப்பாட்டு ரூமில் என்னிடம் மட்டும் சொன்னார். அந்த அலுவலகத்திலிருந்து ஒருவரும் வந்து ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அப்படி ஏதாவது உண்டா என்று முதலாளியிடமே கேட்டார்கள், அவர் இல்லை என்றார், அத்தோடு முடித்துவிட்டார்கள். கோழி திருடினாயா என்று திருடனையே கேட்டு வீட்டுக்கு அனுப்புவதா விசாரணை? அதன் பிறகு முதலாளி கிளிஃபர்டைக் கூப்பிட்டு, "பேர் போடலைன்னா கண்டுபிடிக்க முடியாதா?" என்று சிரித்தாராம்.

அன்றிலிருந்து கிளிஃபர்ட் என்னோடு பேசுவதை நிறுத்தினார். மெட்ரோவில் வேறு பெட்டியில் ஏறினார். என்னைத் தவிர யாருக்கும் தெரியாததால் நான்தான் போட்டுக் கொடுத்தேன் என்று நினைத்தார். இவரே எங்கேயோ வாயை விட்டுவிட்டுப் பழியை என் மேல் போடுகிறார் என்று நானும் சந்தேகப்பட்டேன்.

அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது. ஆரத்தி எடுக்கும்போது எந்த மெஷினும் அணைந்திருக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனிப் பழக்கம். அதனால் துபாய்க்குப் போகவேண்டிய டிடெக்டர்களையும் சாப்பாட்டு ரூமில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, குங்குமம் வைத்து, ஆரத்தி நேரத்தில் ஆன் செய்யத் தயாராக வைத்தோம். போன் இருந்தால் அவை கத்தும் என்பதால் எல்லாருடைய போனையும் பக்கெட்டில் போட்டு கேட்டில் வைத்தோம். லைசென்ஸ் அலுவலகத்திலிருந்தே ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கற்பூரம் ஏற்றி ஆன் செய்ததும் அத்தனையும் ஒன்றாகக் கத்தின. விருந்தாளியின் பையில் போன் இருந்தது, எல்லாரும் சிரித்தோம். அதை வெளியே வைத்த பிறகும் கத்தல் நிற்கவில்லை. கிளிஃபர்ட் ஒரு டிடெக்டரைக் கையில் எடுத்து, சத்தம் கூடும் பக்கமாக நடந்து, தண்ணீர் ஃபில்டருக்கு மேலே இருந்த சுவிட்ச் பாக்ஸைத் திறந்தார். உள்ளே ஒரு மைக் இருந்தது. நாங்கள் தினமும் சோறு சாப்பிடும் மேஜைக்கு நேர் மேலே.

கிளிஃபர்ட் என்னைப் பார்த்து, "சாரிக்கா" என்றார். எனக்கு அழுகை வந்தது. முதலாளி, "செக்யூரிட்டிக்குத்தான்மா" என்றார். விருந்தாளி பொரியை மென்றுகொண்டே, கருவி நன்றாக வேலை செய்கிறதே என்ற அர்த்தத்தில், "சென்னாகி கெலச மாடுத்தல்லா!" என்றார். பக்கத்தில் திறந்து கிடந்த பெட்டிகளில் ஒயர் டெஸ்டர் என்று ஒட்டியிருந்தது. அதையும் அவர் பார்த்தார். அதன் பிறகு ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

பூஜை விடுமுறை முடிந்ததும் முதலாளி எல்லாவற்றையும் அவசர அவசரமாக சீல் வைக்கச் சொன்னார். எல்லாம் கப்பல் ஏறிவிட்டால் நாங்கள் சொல்வதை நாய்கூட நம்பாது என்று நினைத்து, குங்குமப் பொட்டோடு இருந்த ஒரு டிடெக்டரை நான் என் டிபன் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்று குறைகிறது என்று தெரிந்ததும், இதுதான் சாக்கு என்று முதலாளி கிளிஃபர்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். எடுத்தது நான். என்னால்தான் அவர் லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறார். அது எனக்குத் தாங்கவில்லை.

அந்த டிடெக்டரை இப்போது மேஜை மேல் வைத்து ஆன் செய்திருக்கிறேன். எந்த ஒயரையும் தொடாமலே அது கத்தியது. ஏட்டு எல்லார் போனையும் வெளியே வைத்துவிட்டு வந்த பிறகு நின்றது. இன்ஸ்பெக்டர் ஐயாவும் பார்த்தார்.

முதலாளியின் புகாரில் திருடு போனது ஒயர் டெஸ்டர் என்று இருப்பதாக இன்ஸ்பெக்டர் ஐயாவே படித்துக் காட்டினார். இது அந்தச் சாமான் இல்லை என்று முதலாளி சொன்னால், கிளிஃபர்ட் எதையும் திருடவில்லை, அவரை விட்டுவிடுங்கள். இதுதான் அது என்று சொன்னால், கப்பலுக்குப் போகிற பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். எது என்று அவரே சொல்லட்டும்.

இந்த டிடெக்டரை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வதற்கு ரசீது எழுதச் சொன்னேன். அதில் சாமானுக்கு என்ன பெயர் எழுதுவது என்று இன்ஸ்பெக்டர் ஐயா முதலாளியின் புகாரை மறுபடி புரட்டிப் பார்த்தார். அதன் பிறகு பேனாவை மூடி, "மேல கேட்டுட்டுச் சொல்றேன்மா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். நான் போகவில்லை. பெயர் எழுதும் வரை டிடெக்டர் என் மடியில் இருக்கும், நான் இந்த பெஞ்சில் இருப்பேன்.

ஏட்டு முழுவதையும் படித்துக் காட்டினார், பிறகு நானும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுத்தது எதுவும் இதில் இல்லை. கிளிஃபர்ட் வெளியே வந்த பிறகு கேட்டாலும் இதையே சொல்வேன்.

(கையெழுத்து)
நா. பிரபா