எதிராளிக்கு ஒரு ஓட்டு

ஹோசியா: ஒரே ஒரு ஓட்டுல தோத்துட்டேன்! கொஞ்சம் தள்ளி உக்காருங்க செனட்டரே. ஜெயிச்சுட்டா வண்டி முழுக்க உங்களுக்கா?

லியாண்டர்: குதிரையும் என்னுது, வண்டியும் என்னுது. தோத்தவனை வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போறேனே, அதுவே பெருசு!

ஹோசியா: ரெண்டு மாசமா இதே வண்டியில ஊர் ஊரா ஒண்ணாத்தானே சுத்தினோம். மேடையேறினா மட்டும் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சீங்க.

லியாண்டர்: நீ மட்டும் சும்மா இருந்தியா? என்னைப் 'பன்னி செனட்டர்'னே!

ஹோசியா: பன்னியை வேலிக்குள்ள அடைக்கணும்னு சட்டம் கொண்டாந்தவரை வேற எப்படிக் கூப்பிடறது?

லியாண்டர்: அந்தச் சட்டம் வந்தப்புறம்தான்டா நம்ம பக்கத்துச் சோளம் வீடு வந்து சேருது! ஆத்துக்குப் பாலம் யாரு கொண்டாந்தா? ரயில் கம்பெனிக்காரன் நீட்டின ஓசி டிக்கெட்டை அவன் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சது யாரு? இருபது வருஷமா செனட்டர்! அடுத்தது கவர்னர் நாற்காலிதான், பாத்துக்கோ.

ஹோசியா: அந்த இருபது வருஷத்தை ஒரு ஓட்டு காப்பாத்தியிருக்கு... ஆமா, நீங்க எனக்குத்தானே போட்டீங்க?

லியாண்டர்: ...ம். எதிராளிக்குப் போடறதுதானே இண்டியானாவுல நம்ம மரியாதை. தன் பேருக்குத் தானே போட்டுக்கறவன் மனுஷனா?

ஹோசியா: மேடையில இதைச் சொன்னப்போ சனங்க தொப்பியைத் தூக்கிப் போட்டாங்களே!

லியாண்டர்: நீயும் எனக்குத்தானே...?

ஹோசியா: பள்ளம் வருது, கடிவாளத்தைப் பாத்துப் புடிங்க... ஏன், எதுக்கு நிறுத்திட்டீங்க?

லியாண்டர்: மனசு உறுத்துதுடா. அஞ்சு தேர்தல்லயும் எதிராளிக்குத்தான் போட்டேன். இந்த வாட்டி... உன் கூட்டத்துக்கு வந்த சனத்தைப் பாத்து பயந்துட்டேன். என் பேருக்கே போட்டுட்டேன்.

ஹோசியா: ஐயையோ! நீங்களா?

லியாண்டர்: முறைப்படி உனக்குப் போட்டிருந்தா ஒரு ஓட்டுல நீ ஜெயிச்சிருப்பே. இது உன் நாற்காலி. இன்னைக்கே கவர்னருக்குக் கடுதாசி எழுதறேன், எனக்குப் பதவி வேண்டாம்னு.

ஹோசியா: ஒரு ஓட்டுச் சீட்டுக்காக இருபது வருஷத்தையும் விட்டுடுவீங்களா?

லியாண்டர்: விட்டுடுவேன். திருடின நாற்காலியில உக்கார எனக்கு வராது.

ஹோசியா: கடுதாசியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், வண்டியை ஓட்டுங்க. ரெண்டு பேரும் முறைப்படி போட்டிருந்தாலும் இதே ஒரு ஓட்டுல நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க... நானும் என் பேருக்குத்தான் போட்டேன்.