மச்சானும் மூச்சு மிசினும்

பசிக்கலையாம்ல, பசிக்கலை! யாருகிட்டச் சொல்றீக? அக்கா கல்யாணத்தன்னைக்கு எல பூரா வழிச்சுட்டு, மறுபடி பாயாச வாளியக் கூப்பிட்ட வாயிதானே இது? பிடிங்க மச்சான். இட்லி கல்லு மாதிரி இருக்கா? மெட்ராசு ஆசுபத்திரி கேன்டீன்ல பின்ன மல்லியப்பூவா கெடைக்கும்?

என்னது, அக்கா வரலையேங்கீகளா? எப்படி வருவா? பச்ச ஒடம்புக்காரி, கைப்பிள்ளையோட நம்ம ஊரு பாலவனத்தத்துல கெடக்கா. மூத்தவ பிரியாவப் பாத்துக்கன்னுதான் என்னய அனுப்புனா. அவ அப்பனையும் சேத்துப் பாக்கணும்னு சொல்லவே இல்ல.

அருப்புக்கோட்ட வத்தல் மண்டியில ஒங்க அதட்டலுக்கு மூட்ட தூக்குறவுகளே நடுங்குவாக. இங்க ரத்தங் குடுக்கப் போயி, ஊசியக் கண்டதும் சுருண்டு விழுந்தீகளே! நேத்து எஸ்.டி.டி. பூத்துல என்ன கூத்து? பிள்ள நல்லாத் தூங்குதுன்னு அக்காகிட்டச் சொல்லிட்டு, ரிசீவரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னீக. பூத்துக்காரரு பிடுங்கித்தான் வாங்குனாரு.

சரி சரி, மூஞ்சியத் திருப்பாதீக. எனக்கு மட்டும் பயமில்லையா? பெறந்ததுல இருந்தே அழுதா நீலம் பாயுற பிள்ள. நாலு எட்டு ஓடுனா மூச்சு முட்டிக் குத்தவச்சு ஒக்காந்துரும். ஆபரேசன் பண்ணி நெஞ்சுக்குள்ள சின்னக் குழாய் வச்சாக, எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனச்சோம். மறுநா விடியங்காட்டி ஒதடு நாவப்பழம் கணக்கா ஆயிப்போச்சு. குழாய்க்குள்ள ரத்தம் ஒறஞ்சு அடைச்சுருச்சுன்னு திரும்பவும் தள்ளிக்கிட்டு ஓடுனாக. கட்டிய எடுத்துட்டோம், இன்னொருக்க அடைச்சா பிள்ள தாங்காதுன்னு டாக்டரு சொன்னப்ப நீங்க தூணப் பிடிச்சீக, நான் ஒங்களப் பிடிச்சேன். சட்ட கிழிஞ்சதுக்கு நான் பொறுப்பில்ல, ஆமா.

அன்னையிலருந்து மிசினுதான அவளுக்கு மூச்சு விடுது. நீங்களும் இந்த ஐ.சி.யூ. வாசல விட்டு அசையல. உள்ள போயிப் பாருங்கன்னா, பாத்தா அழுதுருவேங்கீக. இருந்து என்ன கண்டீக? தாடி வளத்ததுதான் மிச்சம். நரிக்குடிப் பக்கம் போயிராதீக, ஆடு மேய வந்துரும்.

ஆ... சிரிச்சுட்டீக! பல்லு தெரிஞ்சுச்சு மச்சான், துண்ட வச்சு மூடாதீக. இதுக்குத்தான் இம்புட்டு நேரமும் தொண்ட வலிக்கக் கத்துனேன்.

ஒண்ணுமில்ல. இப்ப உள்ள போயிட்டு வந்தேன்ல, வாயில இருந்த மிசினு குழாய எடுத்துட்டாக. அவளாத்தான் மூச்சு விடுறா. கட்டி திரும்ப வரலையாம். கொரலு கம்மிப் போயி வெறுங் காத்தா வருது, அதுலயும் அப்பா எங்கன்னுதான் கேக்குறா. அழுத மூஞ்சியோட யாரும் வரப்படாது, கூடச் சேந்து பிள்ள அழுதா தையலு தாங்காதுன்னு நர்சம்மா கறாராச் சொல்லிட்டாக. அதான்...

ஐயய்ய, என்ன மச்சான் இது! சரி, அழுங்க. எல்லாத்தையும் இங்கயே அழுது தீத்துட்டு, மூஞ்சியக் கழுவிக்கிட்டு வாங்க. அப்பா வந்துக்கிட்டே இருக்காகன்னு நான் போயிச் சொல்லி வைக்கிறேன்.