வெளி வட்டத்து நட்டு

— மாட்ட மாட்டேன்னா மாட்ட மாட்டேன் அண்ணாச்சி. இந்த வீல இந்த வண்டில போட்டா பாக்கறவன் காறித் துப்புவான். மொதல்ல நானே துப்புவேன்.

— ஏன் மேஸ்திரி இப்பிடி எரிஞ்சு விழுதீரு? டெல்லியில இருந்து வந்து இறங்கியிருக்கு. பளபளன்னு கிடக்குலா? உமக்குப் பாக்க ஆசையா இல்லியா?

— ஆசையா? கொமட்டினு வர்து. மட்கார்டுக்கு வெளில அரை அடி நீட்டிகினு நிக்கும். ஸ்டீரிங் ஒடிச்சா டயரு பாடில போயி ஒரசும்.

— ஒரசுனா பாடிய வெட்டிரும்.

— வெட்டணுமா? மலைல பட்டாளத்துக்கு அரிசி மூட்ட தூக்கினு போன வண்டி இது. இத்த ஏலத்துல எட்த்துட்டு இன்னா கோலம் பண்ணிகினு கீற நீ? ஸ்பிரிங்கு கமான் பட்டைய மாத்தி நாலு இஞ்சு தூக்குன்னே, தூக்குனேன். புது ஷாக் அப்சர்பர் போடுன்னே, போட்டேன். இப்போ பொருட்காட்சி ராட்டினம் மாரி வீலு. அப்பால இன்னா, லைட்டு செட்டு போட்டு பாட்டு வெக்கணுமா?

— தூக்குனது நல்லாத்தான இருக்கு? ராயபுரத்துல நம்ம கடை வாசல்ல நிறுத்துனா, சாமான் வாங்க வந்தவன் எல்லாம் வண்டியப் போட்டோ பிடிக்கான். பிளாஸ்டிக் வாளி விக்கவன் கடையில பட்டாள வண்டி!

— அத்த தான் நானும் கேக்கறேன். வாளி விக்கறவனுக்கு எதுக்குய்யா பட்டாள வண்டி?

— சவத்த விடும். ஞாயித்துக்கிழமை நம்ம மவன் எபினேசருக்குக் கல்யாணம். சர்ச்சுல இருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் இதுலதான் போகணும். திருவொற்றியூர்ல நாலு பட்டறைக்குக் கொண்டு போனேன். "மொதல்ல கை வச்ச பீம்ராவ்கிட்டயே போங்க அண்ணாச்சி"ன்னு ஒருத்தன் விடாம எல்லாரும் திருப்பி அனுப்பிட்டானுவ.

— அது தொழில் மொற. ஒருத்தன் ஏத்துன கமான இன்னொருத்தன் தொட மாட்டான். நாளைக்கு எதுனா ஆச்சுன்னா யாரு கை வேலைன்னு தெரியணும்ல.

— அப்ப நீருதான் மாட்டணும். மாட்டிட்டு, பழைய வீலு அஞ்சையும் நீரே வச்சுக்கிடும்.

— அஞ்சா? நாலு தான் கீது. ஸ்டெப்னி எங்க?

— ஸ்டெப்னிதான் இப்ப பின்னால ஓடுது. அங்கன இருந்த வீலு உடைஞ்சு போச்சு.

— ஒடஞ்சு போச்சா? இரும்பு ரிம்மு, கோழிமுட்ட மாரி ஒடஞ்சு போச்சா?

— எண்ணூர் ரோட்டுல பஞ்சருன்னு ஒரு கடையில நிறுத்துனோம்லா. பாதிக் காத்து இருந்துச்சு. அந்தப் பய கழட்டத் தெரியாம கழட்டிட்டான். டமார்னு ஒரு சத்தம். பாவம், கையில பட்டுட்டு. நாந்தான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சேன்.

— கைல பட்டுச்சா, கையே பூட்ச்சா?

— மணிக்கட்டோட எடுத்துட்டாங்கன்னு கேள்வி.

— கேள்வி! அப்போ நீ போயி பாக்கல.

— கல்யாண வீடு மேஸ்திரி. இந்த நேரத்துல ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு வீட்டுல ஒரே பிடிவாதம். ஆரஞ்சுப் பழம் வாங்கிக் குடுத்தனுப்பினேன்.

— சீ! வலது கை பூடுச்சு அவனுக்கு. உன் ஆரஞ்ச எந்தக் கையால உரிப்பான்னு வாங்கி அனுப்புனே?

— சரி, சத்தம் போடாதீரும். அந்தம்மா யாரு? டயரு மேல உக்காந்து அப்பவே புடிச்சு நம்மளையே பாத்துட்டிருக்கு.

— அத்த அப்பால சொல்றேன். மொதல்ல நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு. இந்த ரிம்மு ரெண்டு துண்டு. உள் வட்டத்து நட்டு, வீல வண்டில இருந்து கழட்ட. வெளி வட்டத்து நட்டு, அந்த ரெண்டு துண்டையும் புடிச்சினு கீறது. காத்து உள்ள கீறப்போ வெளி வட்டத்த தொட்டா வெடிச்சிடும். அதனாலதான் பட்டாளத்துல அத்த மட்டும் செவப்பு அடிச்சு வெப்பான். நீ வண்டிய இட்டாந்தப்போ பெயிண்டு உதுந்து கெடந்துச்சு. நான் கீய ஒக்காந்து பிரஷ்ஷால ஒவ்வொரு நட்டா செவப்பு வெச்சேன். ஆமாவா இல்லியா?

— வச்சீரு. இல்லன்னு சொல்லல.

— செவப்ப பாத்தா எந்த பஞ்சர்காரனும் கிட்ட போவ மாட்டான். அப்போ அவன் ஏன் தொட்டான்?

— குடிச்சிருப்பான்.

— அது குடிக்காது சார்.

— யாரும்மா நீ?

— யசோதரா. நீ ஆரஞ்சு குடுத்தனுப்புன ஜெயவேலு பொஞ்சாதி.

— ஓஹோ! மேஸ்திரி, "வண்டிய இட்டுனு வா, பாக்கலாம்"னு போன் போட்டது இதுக்குத்தானா?

— ஆமா. இல்லாங்காட்டி நீ வருவியா?

— சார், நான் சண்டைக்கு வர்ல. எனக்கு எதுவும் வோணாம். ஒண்ணே ஒண்ணு தெரியணும். அது ராவும் பகலும் ஒரே பொலம்பல் சார். "யசோதரா, நட்டு எல்லாம் கருப்பா தான் இருந்துச்சு. இல்ல, செவப்பா இருந்து எங்கண்ணுக்குத் தான் தெரியாம பூடுச்சா?"ன்னு. பாக்க வர்றவங்கல்லாம், "மிலிட்டரி வீல்ல செவப்பு நட்டு இருக்கும்னு கொயந்தைக்குக் கூட தெரியும், நீ கொட்டாவி வுட்டுகினு கழட்டிகீற"ன்னு சொல்லிட்டு போறாங்க. பதினாறு வருசமா கண்டெய்னர் லாரிக்கு டயரு மாத்துன மனுசன். இப்போ தன் கண்ணையே நம்பாம செவுத்த பாத்து படுத்துகினு கீது.

— எனக்கு ஞாபகம் இல்லம்மா.

— ஞாபகம் இல்லியா சார்? மீதி நாலு வீலும் எதிர்ல நிக்கிது பாரு. நட்டு இன்னா கலரு?

— இப்ப கருப்புதான்.

— இப்போ கருப்பு, எனக்கும் கண்ணு கீது சார். அன்னிக்கு? வெடிச்சப்புறம் பயந்துகினு அடிச்சியா, முன்னாடியே கருப்பா?

— சொல்லு அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம சர்ச்சுல போயி முட்டி போடப் போற. இங்கியே சொல்லிட்டு போ.

— முன்னாடியே கருப்புதாம்மா. நிச்சயதார்த்தத்துக்கு முந்தியே. வண்டி முழுக்கக் கருப்பு. அதுல நட்டு மட்டும் சிவப்பு சிவப்பா, அம்மை போட்டாப்புல இருந்துச்சு. போட்டோவுல நல்லா இருக்காதுன்னு நாந்தான் கருப்பு அடிக்கச் சொன்னேன்.

— தூ! போட்டோவுக்கு. கேட்டுக்கினியா யசோதரா? இவுரு போட்டோவுக்கு உன் வூட்டுக்காரன் கை.

— வுடுண்ணா. எனக்கு இது போதும். வெளில போயி அதுக்கு ஒரு போன் போட்டு சொல்லிட்டு வர்றேன். நீ இல்லாங்காட்டி இது வெளில வந்தே இருக்காதுண்ணா. உன் கைய கண்ணுல ஒத்திக்கணும்.

— போம்மா. போயி சொல்லு.

— போயிட்டாளா? சரி. மேஸ்திரி, இங்கன வாரும். இந்த வீடியோவப் பாரும்.

— உன் வூட்டு விசேச வீடியோ எனக்கு எதுக்கு? தூரப் போ.

— பாரும்ங்கேன். நிச்சயத்துக்கு மொத நாளு எபினேசர் எடுத்தது. இதே பட்டறை, அதே தகரக் கூரை. ஸ்ப்ரே கன்னப் பிடிச்சிருக்கது யாரு கை?

— போன உள்ள வையி.

— சத்தமா வைக்கட்டா? "பாரு அண்ணாச்சி, ஒரு பொட்டு செவப்பு தெரியுதா?"ன்னு சிரிக்கீரு. யாரு குரலு?

— வோணாம்னு சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். நீதான் கேக்கல.

— நான் ஆயிரம் சொல்லுவேன். வாளி விக்கவனுக்கு என்னவே தெரியும்? அழகு பாத்துச் சொன்னேன். அந்தச் சிவப்பு எதுக்குன்னு தெரிஞ்சவன் நீருல்லா?

— பஞ்சருன்னா வெளி வட்டத்த தொடக்கூடாதுன்னு கடக்காரனாண்ட சொல்லிடுன்னு, வாயால சொல்லித்தானே அனுப்புனேன்!

— கல்யாண வேலையில மறந்துட்டு. தப்புதான். அந்தப் பொம்பள முன்னால ஒத்துக்கிட்டேன்லா? நீரு ஒத்துக்கிட்டீரா? பிரஷ்ஷால சிவப்பு வச்ச கதைய மட்டும் உக்காந்து விலாவாரியாச் சொன்னீரு.

— கலீஜ்யா நீ. சுத்த கலீஜ்.

— இருந்துட்டுப் போறேன். வீடியோ என் போனுக்குள்ளயே கிடக்கும், யாருக்கும் காட்ட மாட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு முந்தி வீலு ஏறிரணும், அவ்வளவுதான். வாரா, வாரா. கண்ணத் தொடைச்சுக்கிடும்.

— அண்ணா, அழுதுடுச்சுண்ணா! கருப்புன்னு சொன்னதும் கொயந்த மாரி தேம்பித் தேம்பி அழுதுச்சு. மூணு வாரத்துல இன்னிக்குத் தான் அதுவே வாயத் தொறந்து கஞ்சி கேட்டுகீது.

— நல்லதும்மா.

— இன்னொண்ணு மட்டும் கேட்டுனு வர சொல்லிச்சு. சொன்னது இந்த சார், சரி. அடிச்சது யாரு? அந்த செவப்பு எதுக்குன்னு தெரியாத ஆளா, தெரிஞ்ச ஆளா?

— நல்ல கேள்விதாம்மா. மேஸ்திரி, நீரே சொல்லும்.

— அண்ணா? இன்னாண்ணா, சும்மா சும்மா கையத் தொடச்சிகினு கீற?

— எவனோ ஒருத்தம்மா. ராயபுரத்துல ரோட்டோரமா பெயிண்டு அடிக்கறவன். அவனுக்கு இன்னா தெரியும்? நீ கெளம்பு, ரயிலு வந்துடும். அண்ணாச்சி, அந்த புது வீலுங்கள எறக்கு.