மடியில் கனம்

விடியற்காலை ஐந்து மணி. ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முள்காடு. நடுவில் ஒரே ஒரு பஸ்... உள்ளே மொத்தமே நாலைந்து பேர்.

"நல்லாக் கேட்டுக்குங்க. நாலைஞ்சு பேர்தான். இதை மட்டும் மறந்துடாதீங்க," என்றாள் கொக்கு.

கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பெண்கள் விடுதியின் கடைசி அறையில், ஒரே கட்டிலில் ஐந்து பேர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கழுத்து நீளம் என்பதால் அவள் கொக்கு. அவளுடைய சித்திக்கு நடந்தது இது. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, காற்றுவாக்கில் வந்த கதை இல்லை என்று இரண்டு தடவை சத்தியம் செய்தாள்.

"பேய் வருமா வராதா, அதை முதல்ல சொல்லு," என்றாள் குட்டி. எங்களில் இளையவள். என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

"வாய மூடிக்கிட்டுக் கேளு. இல்லாட்டி எந்திரிச்சுப் போய்ப் படி."

சித்திக்கு அது பட்டப்படிப்பின் கடைசி வருடம். வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். திரும்பிவர இன்னொரு இரண்டரை. விடுதியில் சேர்க்க அவள் அப்பா ஒப்பவில்லை. "பஸ்ஸுல போ, பஸ்ஸுல வா. ஒரு பரீட்சை தவறினாலும் படிப்புக்கு முழுக்கு. அடுத்த மாசமே கல்யாணம்," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறினாள்.

முதல் நிறுத்தத்திலேயே ஏறுவதால் எப்போதும் ஜன்னலோர இருக்கை. போகப் போகக் கூட்டம் சேரும். நிற்பவர்கள் பைகளை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பார்கள். சித்தி யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. தூக்கத்திலேயே கையை நீட்டுவாள். மடியில் நாலு பை, மேல் பையில் தாடை... அப்படியே தூக்கம் தொடரும்.

"என்னம்மா சுமைதாங்கி, மடியில இடமிருக்கா? என் டிக்கெட் பையையும் கழட்டி வச்சுடறேன்," என்பார் கண்டக்டர்.

அன்று கடைசிப் பரீட்சை. ராத்திரி முழுக்கப் படித்த கண்கள் எரிந்தன. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் பஸ் வேகம் குறைந்தது... நிற்கவில்லை. இன்ஜின் உறுமல். தளர்ந்த ஜன்னல் கண்ணாடியின் கடகடப்பு. அதற்கு நடுவே, காதுக்கு மிக அருகில், ஒரு பெண்குரல்.

"கொஞ்சம் மடியில வச்சுக்கறீங்களா?"

சித்தி கண்ணைத் திறக்கவில்லை. பழக்கதோஷம், கையை நீட்டினாள். துணிப்பை. அதன் வார் விரலில் பட்டது... ஈரம். மடியில் இறங்கியது... நல்ல கனம். அணைத்துக்கொண்டு மறுபடி தூங்கப் போனாள்.

அப்போதுதான் உறைத்தது. பஸ்தான் காலியாகக் கிடக்கிறதே? உட்கார இத்தனை இடம் இருக்கும்போது... யார் நிற்கிறார்கள்?

கொக்கு நிறுத்தினாள். யாரோ போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

சித்தி கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் யாருமில்லை. பின்னாலும் இல்லை. குனிந்து பார்த்தாள். மடியிலும் ஒன்றும் இல்லை.

ஆனால் கனம் இருந்தது. சேலை சதுரமாக அழுந்தியிருந்தது. அந்தச் சதுரம் மட்டும் மெல்ல நனைந்துகொண்டிருந்தது. சேற்று வாசனை. தண்ணீரில் ஊறிய காகிதத்தின் வாசனை.

"அண்ணே... இப்ப யார் ஏறினது?" என்று கண்டக்டரைக் கேட்டாள்.

"பஸ் எங்கம்மா நின்னுச்சு, ஏறறதுக்கு? கனவு கண்டிருப்ப. தூங்கு, தூங்கு."

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வழியில் கூட்டம் ஏறியது. பைகள் நீண்டன. அன்றுதான் முதல்முறையாகச் சித்தி தலையை ஆட்டி மறுத்தாள். "மடி சும்மாதானே கெடக்கு? வச்சுக்கிட்டாத்தான் என்னவாம்?" என்று ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பல்கலைக்கழக வாசல் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். முன்னிருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள் சித்தி. தொடைகள் மரத்துக் கிடந்தன. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

குனிந்து, தன் வெறும் மடியைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"இன்னைக்குப் பரீட்சை. எழுதலேன்னா என் படிப்பே போச்சு. தயவுசெஞ்சு எடுத்துக்கங்க."

கனம் அசையவில்லை.

"சரி... இப்ப மட்டும் விடுங்க. படிப்பு முடிஞ்சதும் ஆயுசு பூரா வேணாலும் நானே வச்சுக்கறேன்."

மடி லேசாயிற்று.

ஓடினாள். ஈரச் சேலையோடு உட்கார்ந்து எழுதினாள்.

"பாஸா?" என்றாள் குட்டி.

"முதல் வகுப்பு."

"அப்ப நல்ல பேய்தாண்டி!"

எல்லோரும் சிரித்தோம். கொக்கு சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு சித்தி படிப்பை நிறுத்தவே இல்லை. வேலைக்குப் போனாள், மனசுக்குப் பிடித்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். ஆனாலும் ஒரு படிப்பு முடிவதற்குள் அடுத்ததில் சேர்ந்துவிடுவாள், எல்லாம் வீட்டிலிருந்தே தபாலில். "என் பொண்டாட்டி பேரைவிடப் பட்டம் நீளம்," என்று சித்தப்பா ஊரெல்லாம் பெருமையடிப்பார். ராத்திரி அவள் மடியில் தலைவைத்துக்கொண்டு, "அடுத்தது என்னம்மா, டாக்டருக்கா?" என்று சீண்டுவார். அவள் ஏன் படிக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது உடம்பு முடியவில்லை. அந்த வருடம் எதிலும் சேரவில்லை. "போதும் நீ படிச்சது. இனி பாப்பா படிக்கட்டும்," என்றார் சித்தப்பா.

குழந்தை பிறந்து சில நாளில், கடைசியாக எழுதிய பரீட்சையின் முடிவு வந்தது. பாஸ். கையில் இனி மிச்சப் படிப்பு எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் கொக்கு அந்த வீட்டில் இருந்தாள். சின்னப் பெண். சித்தி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் கிடத்தினார்.

"பாப்பா மடியில படுக்கலடி..." கொக்குவின் குரல் இறங்கியது. "மடிக்கும் அதுக்கும் நடுவுல... இவ்வளவு இடைவெளி."

இருட்டில் கையை வைத்துக் காட்டினாள். எவ்வளவு என்று தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. குட்டி மட்டும் என் மடியிலிருந்து மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

சித்தப்பா பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கினார். அதன் முதுகுப் பக்கம் சட்டை நனைந்திருந்தது. அறை முழுக்கச் சேற்று வாசனை. சித்தி அழவில்லை. ஜன்னலோரப் பயணி மாதிரி, எதையோ அணைத்தபடி இரண்டு கைகளையும் மடிக்கு மேலே வைத்துக்கொண்டாள்.

"பாப்பாவை நீங்களே வச்சுக்கங்க," என்றாள். "இவங்க இறங்கற இடம் இன்னும் வரலை."