மிளகு இல்லாத கன்னம்

கறுப்பை அச்சடிப்பது சுலபம், ஐயா. வெள்ளைக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், தாளே வெள்ளைதான். நடுவில் இருக்கிற வெளிர் சாம்பல்தான் ஆளைப் படுத்தி எடுத்துவிடும்.

என் பிரிண்டரில் கறுப்பு மையை மட்டும்தான் ஓடவிடுவேன். கலர் மைகளைக் கலந்து சாம்பல் எடுத்தால் ஜன்னலோரம் சிவப்படிக்கும், டியூப் லைட்டில் பச்சையடிக்கும். கறுப்பு ஒன்றே போதும் என்பது என் பிடிவாதம். அதில் ஒரே தொல்லை, வெளிச்சம் விழும் இடங்களில் மைப்புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும். நெற்றி, மூக்கு நுனி, கன்னம். ஒவ்வொரு புள்ளியும் தனியாகக் கண்ணைக் குத்தும்.

அக்காவின் படத்தை முதல் தடவை அச்சடித்துக் கொடுத்தபோது அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்னடா, என் மூஞ்சில மிளகுத்தூளக் கொட்டி வச்சிருக்க?"

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்து உள்ளேயே நின்றுவிட்டது.

நான் செய்து பார்க்காதது இல்லை. மெதுவாக ஓடவிட்டேன், ஒரே திசையில் ஓடவிட்டேன், ஒன்பது வகைத் தாள் மாற்றினேன். மிளகு போகவேயில்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல எரிச்சலாக வந்தது. அப்போதுதான் தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்தது. நான்காம் நாள் அச்சடித்த படத்தில் கன்னம் வழவழவென்று வந்தது. ஈரக் காற்றைக் குடித்த தாளில் ஒவ்வொரு புள்ளியும் இம்மியளவு பரவி, பக்கத்துப் புள்ளியைத் தொட்டிருந்தது. மழை விட்டது, மிளகு திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அறையை நானே ஈரமாக வைத்துக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தினேன். நனைத்த போர்வைகளைக் கொடி கட்டித் தொங்கவிட்டேன். வாளிகளில் வெந்நீர் வைத்தேன். அக்காவின் கட்டிலும் அந்த அறையில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு நுரையீரலில் நோய். பிரிண்டரை வேறு அறைக்கு மாற்றியிருக்கலாமே என்பீர்கள். வீட்டில் கதவும் ஜன்னலும் இறுக்கமாகச் சாத்துகிற அறை அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் அவளைப் பார்க்க வரும் நர்ஸம்மா சுவரில் ஒரு சின்ன மீட்டரை மாட்டினார். காற்றில் எவ்வளவு ஈரம் என்று எண்ணில் காட்டுவது. மறுவாரம் அது எழுபத்திரண்டு காட்டியது.

"என்னங்க இது, ரூம் பாத்ரூம் மாதிரி இருக்கு? அம்பதத் தாண்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல. பூஞ்ச பிடிச்சா இவங்களால மூச்சே விட முடியாதுங்க."

சரியென்று தலையாட்டினேன். அவர் போனதும் மீட்டரை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். நாற்பத்து நான்குக்கு இறங்கியது. அதைப் படமெடுத்து, அதே அளவில் அச்சடித்து, வெட்டி, மீட்டரின் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் செருகினேன். அந்தத் திரை வெளிர் சாம்பல், எண் மட்டும் கறுப்பு. எனக்கென்றே செய்துவைத்தது போல. ஒரே எண் என்றால் சந்தேகம் வருமே என்று நாற்பத்து மூன்றும் நாற்பத்தாறும் தயார் செய்து வாராவாரம் மாற்றினேன். வெள்ளிக்கிழமை காலையில் போர்வைகளையும் வாளிகளையும் அப்புறப்படுத்தி, கொஞ்ச நேரம் ஜன்னலையும் திறந்துவைப்பேன். நர்ஸம்மா கையெட்டும் தூரத்தில் நின்று மீட்டரைப் பார்ப்பார். "ரூம் நல்லாத்தான் இருக்கு. நோய்தான் முத்துது போல" என்று கவலைப்படுவார்.

பீரோவை ஒட்டிய சுவரில் கரும்புள்ளிகள் தோன்றின. முதலில் தள்ளித் தள்ளித்தான் இருந்தன. மூன்றாம் வாரம் ஒன்றையொன்று தொட்டன. இரண்டு மாதத்தில் அங்கே சீரான சாம்பல் படர்ந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. பீரோவை நகர்த்தி அதை மறைத்தேன்.

பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. அக்காவின் பெரிய படம் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி முடிந்து கண்கள் வந்திருந்தன.

"ஜன்னலத் தொறடா. முடியலடா."

"கன்னம் வர்ற நேரம்க்கா. பத்தே நிமிஷம்."

பாதியில் காற்று புகுந்தால் தாள் காய்ந்து, படத்தில் பட்டையாகக் கோடு விழுந்துவிடும். அவள் கட்டில் சட்டத்தை இரண்டு முறை தட்டினாள். அவளுக்கு எப்போதுமே பொறுமை குறைவு. மூன்றாவது முறை தட்டவில்லை. தாடை வந்தது, கழுத்து வந்தது, தாள் வெளியே வந்து விழுந்தது. உடனே ஜன்னலைத் திறந்துவிட்டேன். படத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் பார்க்கவில்லை.

மீட்டரைத் திரும்ப எடுத்துப்போக வந்த நர்ஸம்மா அதன் பேட்டரியைக் கழற்றினார். எண் அணையவில்லை. நாற்பத்து நான்கு என்றே நின்றது. அது என் கவனக்குறைவு.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கோபத்தில் செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் முகத்துக்காகத்தானே இத்தனை பாடும். அந்தப் படம் உங்கள் மேஜைமேலேயே இருக்கிறது. ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள், கன்னத்தில் எங்காவது மிளகு தெரிகிறதா என்று. பார்த்திருந்தால் இந்தத் தடவை அவள் சிரித்திருக்க மாட்டாள்.