வெட்டி எடுத்த மூலை

— மஞ்சள் கோட்டைத் தாண்டாதீங்க சார். முதல்ல அந்தக் குழாய்ல கையைக் கழுவிட்டு வாங்க.

— நான் பாடம் படிக்க வரலை டீச்சர். ஏழாவது ‘பி’யில மூணாவது பெஞ்சு, ரெட்டைப் பின்னல் போட்டிருப்பா, அவளோட அப்பா நான். அஞ்சே நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன்.

— யாரா இருந்தாலும் சரி, கை கழுவாம இந்த சயின்ஸ் ரூமுக்குள்ள வர முடியாது. போன வாரம் ஹெட்மாஸ்டரையே திருப்பி அனுப்பினேன். மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு, ஆனா கழுவிட்டுத்தான் வந்தாரு.

— பாருங்க, இது அழுக்கு இல்ல, கிரீஸ். ரெண்டு மாடிக்கு நடுவுல லிப்டு ஒண்ணு நின்னுபோச்சு, அதைக் கிளப்பி விட்டுட்டு நேரா இங்க வர்றேன். சோப்புக்கெல்லாம் போகாது.

— போகலைன்னா பரவாயில்ல, கழுவினா போதும். ம், இப்ப வாங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடுது. இதுல உக்காருங்க.

— பாப்பாவும் வீட்டுல இதே கூத்துதான். மழை வரும் போலிருக்குன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னா, “நீ பார்த்துச் சொல்றியா, யாராவது சொன்னாங்களா, இல்ல உனக்கா தோணிச்சா”ன்னு வரிசையா கேள்வி.

— அது என் வகுப்போட முதல் ரூல். தெரியாதுன்னு சொன்னா நான் திட்ட மாட்டேன். தெரிஞ்ச மாதிரி அளந்து விட்டா மட்டும் விட மாட்டேன்.

— தெரியுமே. பெரிய எழுத்துல எழுதி எங்க கிச்சன் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கா. அதுக்குப் பக்கத்துல நின்னு சமைச்சுக்கிட்டேதான் அவகிட்ட தினம் பொய் சொல்றேன்.

— என்ன சார், என்ன ஆச்சு?

— நாளைக்கு இங்க ஏதோ மை சோதனையாமே.

— ஆமா. மையால எழுதின காகிதத் துண்டோட நுனி மட்டும் தண்ணியில படற மாதிரி தொங்க விடுவோம். தண்ணி மேல ஏறும்போது மையும் கூடவே ஏறி, நிறம் நிறமா பிரியும். ரெண்டு துண்டுல ஒரே மாதிரி பிரிஞ்சா பெரும்பாலும் ஒரே பேனான்னு அர்த்தம். வீட்டுலேர்ந்து ஆளுக்கு ரெண்டு துண்டு கொண்டு வரச் சொன்னேன். உங்க பொண்ணு நேத்தே கொடுத்துட்டா.

— அதுல ஒண்ணு அவ அம்மா எழுதின லெட்டரோட மூலை. லெட்டரெல்லாம் போட்டு வைக்கிற பெட்டி நேத்து ராத்திரி திறந்து கிடந்துச்சு, அப்பத்தான் மூலையை வெட்டியிருக்கறதைப் பார்த்தேன்.

— கவர் மேலயே எழுதியிருக்கா. ‘ஒண்ணு, அம்மா லெட்டர். ரெண்டு, அப்பா எழுதின மளிகைச் சீட்டு.’

— அந்தச் சோதனையை நிறுத்திடுங்க டீச்சர்.

— எதுக்கு?

— ரெண்டும் ஒரே பேனா. இதோ, இந்தச் சட்டைப் பையில இருக்கே, இதுதான். லிப்டு பார்த்ததும் அட்டையில கையெழுத்துப் போடறதுக்கு கம்பெனியில கொடுத்தது.

— அந்த லெட்டரை எழுதினது நீங்களா?

— அது மட்டுமில்ல, இதுவரைக்கும் வந்த பதினோரு லெட்டரும் நான்தான். அவ அம்மா வேலைக்குன்னு வெளியூர் போனா. போன இடத்துல வேற ஒருத்தரோட வாழ்க்கையை அமைச்சுக்கிட்டா. ரெண்டு வருஷம் முடியப் போவுது. தப்பா பேச நான் வரலை, அவளுக்கு அவ நியாயம். ஆனா பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலை. இவ தினம் சாயங்காலம் கேட்டுல நின்னு தபால்காரரையே பார்த்துக்கிட்டு இருப்பா. சாப்பாடு இறங்காது. பார்க்கச் சகிக்கலை டீச்சர். ஒரு நாள் நானே எழுதிட்டேன்.

— உங்க கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

— இடது கையால எழுதினேன். ஒரு பக்கம் எழுத ரெண்டு மணி நேரம் ஆகும். அவ தூங்கினப்புறம் பாத்ரூம்ல உக்காந்து எழுதுவேன். காகிதம் வேற, மடிக்கிற விதம் வேற, எல்லாம் யோசிச்சேன். லிப்டுல ஒரு சின்ன நட்டு கழண்டாலும் சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சுடுவேன். பேனாவை மட்டும் யோசிக்காம விட்டுட்டேன், பாருங்க.

— லெட்டர்ல என்ன எழுதுவீங்க?

— அவ பல்லு விழுந்தா அதைப் பத்தி. கணக்குல மார்க் குறைஞ்சா அதைப் பத்தி. எதிர எதிர உக்காந்து நான் சொல்ல வெட்கப்படறதெல்லாம் அதுல வந்துடும். உன்னை நினைக்காத நாளே இல்லன்னு ஒருக்கா எழுதினேன். நேர்ல அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருமா?

— நான் என்ன செய்யணும்னு எதிர்பார்க்கறீங்க?

— இதோ ஒரு துண்டு. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட நீலப் பேனா வாங்கி அதே வரியை எழுதிக் கொண்டு வந்திருக்கேன். அந்தக் கவர்ல மாத்தி வெச்சுட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

— லெட்டர் கறுப்பு மை. இது நீலம் சார்.

— பதட்டத்துல அதைக்கூட கவனிக்கலை பாருங்க.

— கையை நீட்டாதீங்க. கறுப்பா இருந்திருந்தா நான் வாங்கியிருப்பேனோன்னு எனக்கே பயமா இருக்கு. பன்னெண்டு வருஷமா இந்த ரூம்ல ஒரு குழந்தையோட சோதனையையும் நான் தொட்டதில்ல.

— அவ என்ன வரும்னு எழுதியிருக்கான்னாவது சொல்லுங்க. சோதனைக்கு முன்னாடி ஊகத்தை எழுதிப் போடணும்னு ஏதோ டப்பா இருக்காமே.

— அதோ, பூட்டுப் போட்டு வெச்சிருக்கேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும்தான் திறப்பேன். அதுவரைக்கும் நானும் பார்க்க மாட்டேன்.

— அப்ப நான் என்னதான் பண்றது?

— சோதனை நாளைக்குக் காலையில. இன்னிக்கு மத்தியானம் முழுசா இருக்கு. தண்ணியும் காகிதமும் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடலாம்.

— அவ அம்மா போனப்பவே ஒரு தடவை உடைஞ்சவ. திரும்ப நானே உடைக்கணுமா? அப்புறம் என் மூஞ்சியில முழிப்பாளா?

— எனக்குத் தெரியாது சார். தெரியாததைத் தெரியாதுன்னுதானே சொல்லணும். ஆனா திரும்பிப் பாருங்க. சாப்பாட்டுக் கூடையோட கோட்டுக்கிட்ட நிக்கறா.

— பாப்பா. எப்ப வந்தே?

— இப்பதான்பா. கை கழுவிட்டேன். உள்ள வரலாமா டீச்சர்?

— வா கண்ணு. நான் வேணும்னா வெளிய இருக்கேன்.

— நீங்களும் இருங்க டீச்சர்.

— பாப்பா, இங்க வா. அப்பா ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதே, பேசினா எனக்கு விட்டுப்போயிடும். அம்மா வர மாட்டா. இந்த லீவுக்குன்னு இல்ல, இனிமேலே வர மாட்டா. எனக்குத் தோணினதோ யாரோ சொன்னதோ இல்ல, நானே போய்ப் பார்த்துட்டு வந்தது. நல்லாத்தான் இருக்கா. அந்த லெட்டரெல்லாம் அவ எழுதலை.

— தெரியும்பா.

— என்ன தெரியும்?

— நீதான் எழுதினேன்னு. ஒவ்வொரு லெட்டரும் வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி உன் இடது கையில சுண்டுவிரல் ஓரம் கறுப்பா இருக்கும். இடது கையால எழுதினா எழுதினது மேலயே கை இழுபடும் இல்ல? மூணாவது லெட்டர்லேர்ந்து பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்.

— அவ்வளவு நாளா? அந்த மூணாவது லெட்டர் வந்த அன்னிக்கு அதைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதியே. அம்மா எழுதிட்டான்னு சந்தோஷத்துல அழறேன்னு நினைச்சேன்.

— அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அம்மாவுக்காக அப்பவே அழுது முடிச்சுட்டேன்.

— அப்புறம் எதுக்கும்மா அந்த மூலையை வெட்டினே? எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு இந்தச் சோதனை?

— நீ பார்க்கணும்னுதான் வெட்டினேன், லெட்டர் பெட்டியை மூடாம வெச்சதும் நான்தான். நானா கேட்டா நீ ஏதாவது பேசி மழுப்பிடுவே. பார்த்தா டீச்சரைத் தேடி வருவே, இந்த ரூமுக்கு வந்தா நீ பொய் சொல்ல மாட்டேன்னு தெரியும்.

— என் மேல கோவம் இல்லியா?

— இருந்துச்சு. ரெண்டு நாள் உன்கூடப் பேசாம இருந்தேனே, வயித்து வலின்னு சொன்னேனே, அப்ப. அப்புறம் போயிடுச்சு.

— மன்னிச்சுடு பாப்பா. இனிமே ஒரு லெட்டரும் வராது. இன்னியோட நிறுத்திடறேன்.

— ஏன் நிறுத்தணும்? வலது கையாலயே எழுதுப்பா. கீழ ‘அம்மா’ன்னு போடாம ‘அப்பா’ன்னு போடு.