கனவில் ஓடுகிறவர்

வேலூரிலிருந்து கணியம்பாடி போகும் டவுன் பஸ். வெளியே சாயங்காலத் தூறல். எனக்கு முன் சீட்டில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒரு கணவனும் மனைவியும். என் கையில் சூடான போண்டா.

"கனவுல தெனம் ஓடுறேன் செல்வி. அது கணக்குல வராதா?" என்றார் அவர்.

எனக்கும் தொந்தி உண்டு. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நாள் பூரா ஷூ கம்பெனி மிஷின்ல உக்காந்துக்கற. வூட்டுக்கு வந்தா கட்டில். டாக்டர் இன்னா சொன்னாரு? பிரஷர் ஜாஸ்தி, நடக்கலன்னா நெஞ்சு தாங்காதுன்னாரா இல்லியா?"

"கனவுல மூச்சு வாங்குதே."

"அப்டி எங்கதான்யா ஓடுற?"

"நீ பஸ்ல போய்ட்டே இருக்க. ஜன்னல்ல கைய நீட்டிக் கூப்புடுற. நான் பின்னாடியே ஓடியாறேன். எட்டல."

ஈரக் காற்றில் தென்னைகள் மிதந்து போயின. அந்த அம்மாள் தங்கள் ஊருக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே எழுந்து, அவரிடம் கையை நீட்டினார்.

"எறங்கு. இங்கேர்ந்து நடந்தே போலாம். நான் மெதுவா வர்றேன். எட்டும்."

இருவரும் தூறலுக்குள் மங்கிப் போனார்கள். காலியான ஜன்னலோரத்துக்கு நான் மாறினேன். போண்டாவை முடித்துவிட்டு, நாமும் கொஞ்ச தூரம் ஓடிப்பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன்.